காதில் கேட்டு மனசு ஆறுமா? மனநல ஒலிநூல்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தஞ்சாவூரிலிருந்து திருச்சிக்குத் தினமும் பஸ்ஸில் வேலைக்குப் போய் வருகிறேன். போக ஒன்றேகால் மணி நேரம், வர இன்னும் கொஞ்சம் கூட. ஐந்து வருடமாக அந்த நேரத்தில் என் காதில் ஓடுவது பெரும்பாலும் மனநலம் பற்றிய சுயஉதவி ஒலிநூல்கள்தான். நான் மருத்துவன் இல்லை. பதற்ற நோய்க்கு வைத்தியம் பார்த்துக்கொண்டவன், அவ்வளவே. இது தெரிந்த பிறகு அலுவலகத்திலும் சொந்தக்காரர்களிலும் ஆளாளுக்குக் கேள்வி கேட்கிறார்கள். சொன்னதையே சொல்லி அலுத்துப்போய் எழுதி வைத்தேன்.

ஒலிநூல் கேட்டால் மனநோய் குணமாகிவிடுமா?

"21 நாளில் குணமாகுங்கள்" என்று அட்டையில் போட்டிருந்தால் அதை நான் தொடுவதே இல்லை. லேசான பதற்றம், தூக்கக் கோளாறு, வேலை நெருக்கடி, இழவு விழுந்த துக்கம் இவற்றுக்கு ஒலிநூல் நல்ல துணை. தீவிர மனச்சோர்வு, மனநிலை உச்சத்துக்கும் சோர்வுக்கும் மாறி மாறிப் போகும் இருதுருவ நோய் (பைபோலார்), காதில் யாரோ பேசுவது போன்ற அனுபவங்கள் இவற்றுக்கு மருத்துவர்தான். ஒலிநூல் அதற்குப் பக்கத்தில் வேண்டுமானால் இருக்கலாம்.

தமிழில் 'ஆறுவது' என்றொரு வினை இருக்கிறது. புண் ஆறுகிறது, டீ ஆறுகிறது, மனசு ஆறுகிறது. எல்லாவற்றுக்கும் நேரம் பிடிக்கும். ஊதிக் குடித்தாலும் டீ அதன் வேகத்தில்தான் ஆறும். இந்த நூல்களிடம் நான் எதிர்பார்ப்பதும் அவ்வளவுதான்.

இதற்கு ஆதாரம் ஏதாவது உண்டா, இல்லை சும்மா சொல்வதா?

உண்டு. எனக்குப் பிடித்த உதாரணம் உகாண்டாவிலிருந்து வருகிறது.

அந்த நாட்டின் வடமேற்கே ரைனோ கேம்ப் என்ற அகதிக் குடியிருப்பு இருக்கிறது. தெற்குச் சூடானில் போருக்குத் தப்பி வந்தவர்கள் அங்கே வாழ்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் உருவாக்கிய 'செல்ஃப் ஹெல்ப் பிளஸ்' என்ற பயிற்சியை அங்கிருந்த பெண்களிடம் சோதித்துப் பார்த்தார்கள். ஏறக்குறைய 700 பேர். ஒரு பகுதியினருக்கு இந்தப் பயிற்சி, மற்றவர்களுக்கு வழக்கமான உதவி. பயிற்சி மொத்தம் ஐந்து அமர்வு, ஒவ்வொன்றும் இரண்டு மணி நேரம். நடத்தியவர்கள் மனநல நிபுணர்கள் இல்லை, குறுகிய காலப் பயிற்சி மட்டும் பெற்றவர்கள். அவர்கள் பாடம் எடுக்கவும் இல்லை. அந்தப் பெண்களின் மொழியில் முன்பே பதிவு செய்த குரலை ஓடவிடுவார்கள், இருபது முப்பது பேர் உட்கார்ந்து கேட்பார்கள், குரல் சொல்லும் பயிற்சியை அங்கேயே செய்து பார்ப்பார்கள். கையில் ஒரு படக் கையேடு. மூன்று மாதம் கழித்து, பயிற்சி பெற்றவர்களிடம் மன உளைச்சல் மற்றவர்களைவிடக் குறைந்திருந்தது. 2020-ல் லான்செட் குளோபல் ஹெல்த் என்ற மருத்துவ இதழில் இது வெளியானது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. குரல் மட்டும் ஓடவில்லை. நின்றது, செய்ய வைத்தது, கூட ஆட்களும் இருந்தார்கள். நாம் பஸ்ஸில் தனியாகக் கேட்பதில் இந்த மூன்றுமே விடுபட்டுப் போகிறது. ஆட்களைக் கொண்டுவர முடியாது. நிறுத்தும் பொத்தானை அமுக்குவதும், சொன்னதைச் செய்வதும் நம் கையில்தானே இருக்கிறது?

குரல் வழியாகத் தைரியம் சொல்வது பழைய வழக்கம்தான். ஆஸ்திரேலிய மருத்துவர் கிளேர் வீக்ஸ் 1962-ல் பதற்றம் பற்றிச் சுயஉதவி நூல் எழுதினார். அதோடு விடாமல் தன் குரலிலேயே பேசி ஒலிப்பதிவுகளாகவும் கொடுத்தார். பயத்தோடு மல்லுக்கட்டாதே, அது வந்து போகட்டும் என்பதுதான் அவர் சொன்னதன் சாரம். 1979-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் ஜான் கபாட் ஸின் தொடங்கிய மன அழுத்தக் குறைப்புப் பயிற்சியிலும் நோயாளிகள் கேசட்டை வீட்டுக்கு எடுத்துப்போய்த்தான் பழகினார்கள்.

புத்தகமாகப் படிப்பது நல்லதா, கேட்பது நல்லதா?

கதையைப் படித்தாலும் கேட்டாலும் பொருளைப் புரிந்துகொள்ளும் மூளைப் பகுதிகள் ஏறத்தாழ ஒரே மாதிரிதான் இயங்குகின்றன என்று அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் நடந்த ஓர் ஆய்வு 2019-ல் காட்டியது. ஆனால் பாடமாக நினைவில் நிற்பது வேறு விஷயம். ஒரே கட்டுரையைப் படித்த மாணவர்களைவிடக் கேட்ட மாணவர்கள் தேர்வில் குறைவாக மதிப்பெண் வாங்கிய ஆய்வும் உண்டு.

எனக்குத் தெரிந்த வரையில், ஆறுதலுக்கும் தைரியத்துக்கும் குரல் நல்லது. அட்டவணை, கேள்வித்தாள், எழுதிப் பார்க்கும் பயிற்சி வந்தால் தாள்தான் நல்லது. "இதை மூன்று கட்டமாகப் பிரித்து எழுதுங்கள்" என்று காதில் ஒருவர் சொல்லும்போது நாம் துவாக்குடியில் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருப்போம். பல ஒலிநூல்களோடு பி.டி.எஃப். ஒன்று இணைப்பாக வரும். யாரும் திறப்பதில்லை. திறந்து, ஜெராக்ஸ் கடையில் நான்கு பக்கம் அச்செடுத்து வையுங்கள்.

ஒன்றரை மடங்கு வேகத்தில் கேட்கலாமா?

விளக்கம் சொல்லும் இடத்தில் கேட்கலாம். பயிற்சி வரும் இடத்தில் கூடவே கூடாது.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். செங்கிப்பட்டி தாண்டியிருக்கும். வேகம் ஒன்றரையில் இருந்ததை மறந்துவிட்டேன். மூச்சுப் பயிற்சி வந்தது. "நான்கு எண்ணும்வரை மெதுவாக இழுங்கள்" என்றது குரல். ஒன்றுரெண்டுமூணுநாலு. மூன்று நொடிகூட இல்லை. விட, இழுக்க, விட, இழுக்க என்று நானும் விடாமல் பின்னாலேயே ஓடினேன். பக்கத்து சீட்டுப் பெரியவர் தோளைத் தொட்டு, "தம்பி, மூச்சு வாங்குதா? தண்ணி வேணுமா?" என்று பாட்டிலை நீட்டினார்.

சில செயலிகளில் பேச்சுக்கு நடுவில் வரும் மௌனத்தை வெட்டிவிடும் வசதி உண்டு. செய்திக்கும் அரட்டைக்கும் சரி. மனநல நூலில் அந்த மௌனம்தான் மருந்து. மூச்சு விடச் சொல்லிக் கொடுத்த பத்து நொடியைச் செயலி தின்றுவிட்டு அடுத்த வாக்கியத்துக்குப் போய்விடும். அமைப்புகளில் போய் முதலில் அதை அணைத்துவிடுங்கள்.

எப்போது, எங்கே கேட்பது?

கை வேலையாகவும் மனம் சும்மாவும் இருக்கும் நேரம் சிறந்தது. துணி மடிப்பது, கீரை ஆய்வது, இஸ்திரி போடுவது. அடுப்பில் எண்ணெய் காயும்போது வேண்டாம்.

வண்டி ஓட்டும்போது விளக்கப் பகுதியை ஸ்பீக்கரில் கேட்கலாம் என்பார்கள். எனக்கு அதிலும் விருப்பமில்லை. "கண்களை மூடிக்கொள்ளுங்கள், உடல் கனமாகிறது" என்ற வகைப் பயிற்சியை வண்டியில் போடவே கூடாது. தஞ்சை புறவழிச்சாலையில் லாரிக்காரருக்கு உங்கள் தியானம் தெரியாது.

இன்னொன்று, இந்த நூல்களில் பாதி தனி அறை உள்ளவர்களுக்காக எழுதப்பட்டவை. "கதவைச் சாத்திக்கொண்டு அரை மணி நேரம் உட்காருங்கள்" என்று சொல்லும். இரண்டு அறையில் ஆறு பேர் இருக்கும் வீட்டில் எந்தக் கதவைச் சாத்துவது? மொட்டை மாடி, விடியற்காலை வாசல் படி, ஆளில்லாத மதிய நேர அலுவலக மாடிப்படி, இவையெல்லாம் எனக்குத் தனி அறையாக இருந்திருக்கின்றன.

படுக்கும்போது கேட்டால் தூக்கம் வருமா?

தசை தளர்த்தும் பயிற்சி, நிதானமான குரல் என்றால் வரும். ஸ்லீப் டைமரைப் பதினைந்து நிமிடத்தில் வைத்துவிடுங்கள். சிறுவயதுக் கொடுமைகள், விபத்து, இழப்பு பற்றிய அத்தியாயங்களை இரவில் போடாதீர்கள். பகலில் தாங்குகிற வரி இரவு பதினொரு மணிக்குத் தாங்காது. இருபது நிமிடம் ஆகியும் தூக்கம் வராவிட்டால் படுக்கையில் புரண்டபடி கேட்டுக்கொண்டே இருக்க வேண்டாம். எழுந்து வேறு இடத்தில் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டு, கண் சொருகும்போது வந்து படுங்கள்.

கேட்கும்போது அழுகை வருகிறது. சிலசமயம் படபடப்பு கூடுகிறது. நிறுத்திவிடலாமா?

அழுகை தானாகவே தவறான அறிகுறி இல்லை. யாரோ முன்பின் தெரியாத ஒருவர் நம் வீட்டுச் சங்கதியைச் சொன்னால் கண் கலங்கத்தான் செய்யும். அழுது முடித்து மனசு லேசானால் தொடரலாம். அழுதபின் நாள் முழுக்கக் கனமாகவே இருந்தால், பழைய காட்சி கண்முன் ஓடினால், உடல் நடுங்கினால் நிறுத்துங்கள். ஒரு நூலை முடிக்காமல் விட்டதற்காக யாரும் அபராதம் போட மாட்டார்கள்.

சிலருக்கு உடலைத் தளர்த்தும் பயிற்சியே பதற்றத்தைக் கூட்டும். இது அறிந்த விஷயம்தான், உங்களுக்கு மட்டும் நடப்பதில்லை. எப்போதும் உஷாராக இருந்து பழகிய உடம்புக்குத் தளர்வது ஆபத்தாகத் தெரியும். அப்போது கண்ணைத் திறந்து, சுற்றிலும் உள்ள ஐந்து பொருள்களின் பெயரைச் சொல்லிப் பாருங்கள். நான் பஸ்ஸில் செய்வது: கம்பி, ஜன்னல், கண்டக்டர் பை, மல்லிகைப்பூ, அவசர வழி. மூன்றாவதிலேயே பெரும்பாலும் மூச்சு சீராகிவிடும்.

நூலில் ஒரு கேள்வித்தாள் வந்தது. அதில் எனக்கு மனச்சோர்வு என்று வந்துவிட்டது. நம்பலாமா?

அது பெரும்பாலும் பி.எச்.க்யூ-9 ஆக இருக்கும். கடந்த இரண்டு வாரத்தைப் பற்றி ஒன்பது கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 27. மருத்துவமனைகளிலும் பயன்படுத்துகிறார்கள். ஆனால் அது சல்லடை மாதிரி, முடிவான தீர்ப்பு இல்லை. தைராய்டு குறைவும் ரத்தசோகையும்கூடச் சோர்வாகத்தான் வெளிப்படும். மதிப்பெண் பத்தோ அதற்கு மேலோ வந்தால் மருத்துவரிடம் காட்டுவது நல்லது.

ஒலிநூலில் இதை வாசிக்கும் விதம்தான் எனக்கு எரிச்சல். நான் கேட்ட ஒரு நூலில் ஒன்பது கேள்வியும் ஒன்றரை நிமிடத்தில் முடிந்துவிட்டது. ஒன்பதாவது கேள்வி, செத்துவிடலாம் என்ற எண்ணம் வருகிறதா என்பது. அதையும் தூக்கம் எப்படி, பசி எப்படி என்று கேட்ட அதே குரலில் வாசித்துவிட்டு, ஒரு வீணை இசை, அடுத்த அத்தியாயம். அங்கே நிறுத்தி எழுந்து ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தேன். அந்தக் கேள்விக்கு உங்கள் பதில் பூஜ்யம் இல்லை என்றால், மொத்த மதிப்பெண் என்னவாக இருந்தாலும், நூலை மூடிவிட்டு அன்றைக்கே ஒரு ஆளிடம் பேசுங்கள். எண்கள் கீழே தந்திருக்கிறேன்.

புத்தகம் "மாத்திரை வேண்டாம், மனமே மருந்து" என்கிறதே?

எழுதியவர் உங்கள் ரத்தப் பரிசோதனையைப் பார்த்தாரா? மனச்சோர்வு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல், தூக்கமின்மை வரலாம், நோயும் திரும்பலாம். குறைப்பதென்றால் எழுதிக் கொடுத்தவர்தான் படிப்படியாகக் குறைக்க வேண்டும். மாத்திரை வேலை செய்யத் தொடங்கவே சில வாரம் ஆகும். அந்தச் சில வாரத்தில்தான் இந்த மாதிரி நூல்கள் கண்ணில் படும், அதுதான் கொடுமை.

தமிழில் நல்ல மனநல ஒலிநூல்கள் கிடைக்கின்றனவா?

எண்ணிக்கை கூடியிருக்கிறது. தரம் ஏற்ற இறக்கமாக இருக்கிறது. நிறைய ஆங்கிலத்திலிருந்து வந்தவை, அதிலும் சில சொல்லுக்குச் சொல் பெயர்த்தவை. ஒருநாள் அம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார், நான் ஒன்றைச் சத்தமாக ஓடவிட்டேன். "உங்கள் எல்லைகளை நீங்களே வரையறுத்துக்கொள்ளுங்கள்" என்றது குரல். அம்மா நிமிர்ந்து பார்த்து, "ஏண்டா, சர்வேயர் வந்தா போதாதா? வேலித் தகராறா?" என்றார். "இல்லம்மா, யாராவது நம்மள ரொம்ப வேலை வாங்குனா முடியாதுன்னு சொல்லணுமாம்." "அத அப்படியே சொல்லிட்டுப் போவேண்டியதுதானே. ஆபீஸ் லெட்டர் படிக்கிற மாதிரி எதுக்குப் படிக்கிறான்?"

அம்மாவின் காது வானொலிக் காது. ஆல் இந்தியா ரேடியோவில் தென்கச்சி கோ. சுவாமிநாதன் காலையில் சில நிமிடம் பேசியதைக் கேட்டுப் பழகியவர். பக்கத்து வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசுவது போல ஒரு குரல், நடுவில் ஒரு சிரிப்பு, சொல்ல வந்தது முடிந்ததும் நிறுத்திவிடும் நேர்த்தி. அந்த அளவுகோலால் பார்த்தால் இன்றைய ஒலிநூல்கள் பல தோற்றுப்போகின்றன. கணினிக் குரலில் வருபவை இன்னும் மோசம். 'ஆழ்ந்த துக்கம்' என்பதையும் 'ஆறாம் அத்தியாயம்' என்பதையும் ஒரே மாதிரி சொல்லும். எதை வாங்கும் முன்பும் ஐந்து நிமிட மாதிரியைக் கேளுங்கள். குரல் பிடிக்கவில்லை என்றால் நூல் எவ்வளவு நல்லதானாலும் வேண்டாம். பத்து மணி நேரம் காதுக்குள் குடியிருக்கப் போகிறவர் அவர்.

எழுதியவரை எப்படி நம்புவது?

என்ன படித்தவர், யாருக்கு வைத்தியம் பார்த்தவர் என்று பாருங்கள். நம் நாட்டில் மனநல மருத்துவர் மருத்துவக் கவுன்சிலில் பதிந்திருப்பார், மருத்துவ உளவியலாளர் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிந்திருப்பார். 'லைஃப் கோச்', 'ஹீலர்' என்று போட்டுக்கொள்ள எந்தப் பதிவும் வேண்டாம். அதற்காக அவர்கள் எல்லோரும் மோசம் என்று சொல்லவில்லை. சொந்த அனுபவத்தை எழுதியவர் "இது என் அனுபவம்" என்று சொன்னால் கேட்கலாம். அதையே எல்லாருக்குமான வைத்தியமாக விற்றால் அடுத்த நூலுக்குப் போய்விடுங்கள்.

யூடியூபில் பதினைந்து நிமிடச் சுருக்கம் கிடைக்கிறதே, போதாதா?

வாங்கலாமா என்று முடிவு செய்யப் போதும்.

ஒரு வருடமாக நிறையக் கேட்கிறேன். எதுவும் மாறவில்லையே?

என்னிடமும் ஒரு காலத்தில் முடித்த நூல்களின் பட்டியல் நீளமாக இருந்தது. யாராவது பதற்றம் என்று சொன்னால் மூளையின் எந்தப் பகுதி என்று விளக்குவேன். என் கை நடுங்குவது மட்டும் நிற்கவில்லை. கேட்பதே ஒரு வேலையாக, செய்ய வேண்டியதைத் தள்ளிப்போடும் வழியாக ஆகிவிட்டிருந்தது. ஒவ்வொரு நூலின் முடிவிலும் ஒரு தெம்பு வரும், இரண்டு நாளில் வடிந்துவிடும், அடுத்ததைத் தேடுவேன்.

என் மருத்துவரிடம் பெருமையாகப் பட்டியலைக் காட்டினேன். பார்த்துவிட்டு, "இதுல எந்தப் பயிற்சிய நேத்து செஞ்சீங்க?" என்றார். பதில் இல்லை.

அப்புறம் ஒரு கணக்கு வைத்துக்கொண்டேன். ஒரே நூல், அது எவ்வளவு மாதம் ஆனாலும் சரி. பயிற்சி வந்தால் நிறுத்தம். பஸ்ஸில் செய்ய முடிந்தால் அங்கேயே, இல்லாவிட்டால் டிக்கெட்டின் பின்னால் ஒரு வரி எழுதிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வேன். மூன்று நாள் செய்யாமல் அடுத்த அத்தியாயம் கிடையாது. எனக்குப் பலன் தந்தது ஒன்றே ஒன்றுதான்: "மேனேஜர் கூப்பிட்டால் வேலை போய்விடும்" என்று தோன்றும்போது, இதற்கு முன் எத்தனை முறை கூப்பிட்டார், எத்தனை முறை வேலை போனது என்று எழுதுவது. எழுபத்தோரு முறை எழுதியிருக்கிறேன். ஒருமுறைகூடப் போகவில்லை. ஏழெட்டு முறை அவர் கூப்பிட்டதே ஏ.சி. ரிமோட் எங்கே என்று கேட்கத்தான்.

தம்பிக்கு மனச்சோர்வு. ஒரு நல்ல ஒலிநூல் அனுப்பலாமா?

பத்து மணி நேர நூலை அனுப்பாதீர்கள். கவனம் நிற்காமல் போவதே மனச்சோர்வின் அறிகுறிகளில் ஒன்று. கேட்க முடியவில்லை என்ற குற்ற உணர்ச்சி வேறு சேர்ந்துகொள்ளும். சித்தப்பா மகனுக்கு நான் அனுப்பிய இணைப்பு இரண்டு நீலக் குறியோடு அப்படியே கிடக்கிறது. அடுத்த முறை நேரில் போனேன். ஒரு இயர்போனை ஆளுக்கு ஒரு பக்கமாக மாட்டிக்கொண்டு எட்டு நிமிடம் கேட்டோம். அதற்குமேல் அவனால் முடியவில்லை. "டீ குடிக்கப் போலாமாண்ணே?" என்றான். அவன் வாசலைத் தாண்டிப் பதினொரு நாள் ஆகியிருந்தது.

மருத்துவரிடம் எப்போது போவது? எங்கே?

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம், சாப்பாடு, வேலை இவை கெட்டிருந்தால் போகலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது, வெளிநோயாளிச் சீட்டு போட்டால் போதும்.

உடனே பேச வேண்டுமென்றால் 14416. டெலி மனஸ் என்ற இந்திய அரசின் சேவை, 2022 அக்டோபரில் தொடங்கியது. 24 மணி நேரமும் உண்டு, கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம். தமிழ்நாட்டில் 104 எண்ணும் இருக்கிறது. இலங்கையில் இருப்பவர்கள் 1926-ஐ அழைக்கலாம். "பெரிய பிரச்சினை இல்லையே, கூப்பிடலாமா" என்ற தயக்கம் வேண்டாம். நான் முதல்முறை கூப்பிட்டபோது என்ன சொல்வதென்று தெரியாமல் இரண்டு நிமிடம் சும்மா இருந்தேன். அந்தப் பக்கத்தில் இருந்த பெண் "பரவாயில்ல, மெதுவா சொல்லுங்க" என்றார்.

அப்பாவுக்குக் கண் பார்வை குறைவு. அவருக்கு வழி?

பேசும் புத்தகங்கள் தொடக்கத்தில் பார்வையற்றவர்களுக்காகத்தான் பெரிய அளவில் வந்தன. பிரிட்டனில் 1935-லேயே இசைத்தட்டில் இரவல் கொடுத்தார்கள். நம் நாட்டில் அச்சுப் புத்தகம் படிக்க முடியாதவர்களுக்கு 'சுகம்ய புஸ்தகாலயா' என்ற இணைய நூலகம் 2016-லிருந்து இருக்கிறது.

சந்தா கட்டித்தான் கேட்க வேண்டுமா?

தேவையில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் மன அழுத்தக் கையேடும் அதன் ஒலிப் பயிற்சிகளும் அவர்கள் தளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. செயலிகளில் இலவச மாதத்தில் சேர்ந்தால், சேர்ந்த அன்றே யூ.பி.ஐ. செயலியில் ஆட்டோபே பகுதிக்குப் போய் அனுமதியைப் பார்த்துவிடுங்கள். ஒலிநூல் செயலியைப் போனிலிருந்து நீக்கினால் சந்தா நிற்காது. மன அமைதி நூல் ஒன்றைக் கேட்க நான் சேர்ந்த ஒரு செயலி, நான் அதை நீக்கிய பிறகும் ஐந்து மாதம் காசு எடுத்துக்கொண்டிருந்தது. அந்த ஐந்தாவது குறுஞ்செய்தி வந்த காலையில்தான் மேலே சொன்ன மூச்சுப் பயிற்சியைச் சரியான வேகத்தில் முதன்முதலாகச் செய்தேன்.